வரிசைத் தட்டில் வைத்த இலை

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு நான் டெக்ஸாஸிலிருந்து வந்தபோது, பெட்டியில் வைத்திருந்த சாக்லேட் எல்லாம் உருகி ஒரே கட்டியாகியிருந்தது. சென்னையில் இறங்கி, திருத்தணி, நகரி தாண்டி ஊர் வந்து சேரும்வரை பெட்டி கார் டிக்கியில் வெயிலில் வெந்திருக்கிறது. அம்மா அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சம்பந்தி வீட்டு வரிசைத் தட்டில் எதை வைப்பது என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்காவில் அக்கா இருக்கிற வீடு. தட்டில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்?

பெட்டியின் அடியில் பச்சை உறை போட்ட டீப் பொட்டலங்கள் இருந்தன. நான் வேலை செய்கிற தோட்டத்து முதலாளியம்மா, ஊருக்குப் போகிறாயே என்று கொடுத்தனுப்பியவை. அவற்றை வெளியே எடுக்கும் எண்ணமே எனக்கு இல்லை. அம்மாதான் துணியை விலக்கி எடுத்தாள்.

"இது இன்னாடி?"

"டீத்தூளும்மா. அமெரிக்கா டீ."

உறையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "அட்டை நல்லா பளபளன்னு கீது. இதயே வெச்சிரலாம்" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் சரி என்றேன். அம்மா ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மஞ்சள் நூல் சுற்றி, மூலையில் குங்குமம் தொட்டு, வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள்.

எங்கள் ஊர் தெலுங்குப் பக்கம், கார்வேட்டிநகரத்துக்கு அருகில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; நைனா கரும்பு வெட்டப் போவார். அம்மா ஊர்ப் பெரிய தோட்டத்தில் மல்லி பறிக்கப் போவாள். பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பு நானும் கூடப் போய்ப் பறிப்பேன். பூ அரும்பாக இருக்கும்போதே பறித்து முடிக்க வேண்டும். மலர்ந்துவிட்டால் புத்தூர் மார்க்கெட்டில் தொடமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் எனக்கு நல்ல மார்க் வந்த அன்று நைனா அம்மாவைக் கூப்பிட்டு, இனிமேல் பாப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது, அவள் கை அடுத்தவன் செடியில் படக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் போனதில்லை.

அது ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் காலேஜ் முளைத்த காலம். திருப்பதியில் விடுதியில் தங்கி எம்.சி.ஏ. படித்தேன். பலமனேர் வழியாகப் பஸ் பிடித்து பெங்களூரு போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கொஞ்ச காலத்திலேயே அமெரிக்க மாப்பிள்ளை அமைந்தது. நைனாவுக்கு அப்போது தரையில் கால் நிற்கவில்லை. அவரும் அம்மாவும் கூலியை விட்டுவிட்டுக் கொஞ்சம் நிலம் வாங்கி மாங்கன்று நட்டார்கள்.

நான் போனது, கணவரோடு சேர்ந்து வாழலாம் ஆனால் வேலைக்குப் போகக் கூடாது என்கிற விசாவில். மகள் பிறந்தாள், வளர்ந்தாள். வேலை செய்ய அனுமதி கைக்கு வந்தபோது நான் படித்த கம்ப்யூட்டர் மொழியைக் கேட்பார் இல்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கணவருக்கும் வேலை போயிற்று. கம்பெனியில் ஒரே நாளில் அவருடைய குழுவையே அனுப்பிவிட்டார்கள். பிறகு அவருக்குக் கிடைத்தது தூரத்து ஊரில் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை. அந்தச் சிறிய ஊருக்குக் குடிபோனோம்.

அங்கே சனிக்கிழமைச் சந்தையில் ஒரு கடையில் காகிதக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துப் பார்த்தேன். டீ போலவும் இருந்தது, டீ இல்லை போலவும் இருந்தது. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இல்லை. அடுப்பில் வாட்டிய கேழ்வரகு மாதிரி ஒரு வாசம். இது என்ன என்று கேட்டேன். கடைக்கார அம்மா, யோபான் என்றாள். எங்கள் காட்டில் தானாக வளர்கிற செடி என்றாள். ஆள் தேவை என்று ஒரு அட்டை மேஜையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கணவர் கை தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். மறு வாரம் அந்த அட்டையிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

யோபான் என்பது புதர்ச் செடி. விட்டால் சின்ன மரமாகும். இலை நம் பக்கத்துக் குரங்கு வெற்றிலையைப் போலச் சின்னது; ஓரத்தில் மழுங்கிய பல் பல்லாக இருக்கும். குளிர்காலத்திலும் இலை உதிராது. பெண் செடியில் சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாய்ப் பிடிக்கும். பார்க்க அழகு, வயிற்றுக்கு ஆகாது. அந்த நாட்டு மண்ணில் பிறந்து, டீயைப் போலத் தூக்கத்தை விரட்டுகிற இலை அனேகமாக இது ஒன்றுதானாம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்குள்ள பழங்குடிகள் வறுத்துக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது மாட்டுக்கு ஆகாத முட்புதர் மாதிரிதான். முதலாளியம்மாவின் மாமனார் வாழ்நாள் முழுக்க அதை இயந்திரம் வைத்துத் தள்ளினாராம். தள்ளத் தள்ள வேரிலிருந்து கிளம்பிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் மருமகள் அதைப் பறித்து விற்க ஆரம்பித்துவிட்டாள்.

என் வேலை காலையில் கத்தரியோடு போய்க் கிளை வெட்டுவது. பழம் உள்ள கொத்தைத் தள்ளிவிட்டு, கிளையை ஒரு கையால் பிடித்து மறு கையால் இலையை உருவிக் கோணியில் போட வேண்டும். பிறகு கொட்டகையில் இலையைக் கழுவி, கம்பித் தட்டுகளில் பரப்பி, சூட்டுக் காற்றில் உலர்த்துவோம். பாதியை அப்படியே பச்சையாகப் பொட்டலம் கட்டுவோம். மீதியை உருளையில் போட்டு வறுப்போம். நிறம் மாறி வாசம் எழும்புகிற நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். வெயில் குறைந்த பிறகு, புதிதாக நட்ட வரிசைகளுக்குப் போவோம். விதை முளைக்க வருஷக் கணக்காகும் என்பதால் இளங்கிளைகளை வெட்டி மணலில் ஊன்றி வேர் விட வைத்துத்தான் நடுவார்கள். பாதிக்கு மேல் பட்டுப்போகும். திரும்பவும் ஊன்றுவோம்.

முதல் நாள் கோணியை இடுப்பில் கட்டிக்கொண்டு செடி முன்னால் நின்றபோது, எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலை கடினம் என்பதால் அல்ல. கை அதுவாகவே வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதால்தான். விரல் காம்பைத் தேடிப் போயிற்று, கிள்ளிற்று, பைக்குப் போயிற்று. எம்.சி.ஏ. என்று எழுதிய சான்றிதழ் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நான் அங்கே நின்று இலை உருவிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குப் போன் செய்து கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். நைனா எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை கம்பெனி என்றால் கம்ப்யூட்டர்தான். தெருவெல்லாம் அப்படியே சொல்லிவைத்தார். நான் திருத்தவில்லை.

ஒரு நாள் முதலாளியம்மா, இணையத்தில் போட ஒரு சின்ன வீடியோ எடுக்கப் போகிறோம், நீயும் பேசு என்றாள். மாட்டேன் என்றேன். தொப்பி போட்டுக்கொள், முகம் சரியாகத் தெரியாது என்றாள். நல்ல மனுஷி; என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன். இலை உருவிக்கொண்டே பேசச் சொன்னார்கள். உன் அம்மா என்ன வேலை செய்தார் என்று கேட்டாள். இந்தியாவில் அடுத்தவர்கள் தோட்டத்தில் கூலிக்கு மல்லிகை பறித்தார், நானும் கூடப் பறித்தேன், இப்போது இங்கே இதைப் பறிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னாள், இன்னும் மெதுவாக. மெதுவாகச் சொன்னேன்.

நிச்சயதார்த்தம் நடந்த பெண் வீடு திருப்பதியில் ரேணிகுண்டா சாலைப் பக்கம். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். பெண்ணின் தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலை கிடைத்து டவுனுக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். பெண்ணின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேய்த்த சட்டை, பையில் பேனா. அவரிடம் நைனா எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரம்பரையாக மல்லித் தோட்டம் வைத்திருந்தோம், பிறகு மாவுக்கு மாறினோம் என்று சொல்லியிருக்கிறார். பெண்ணின் அம்மா என்னிடம், "உங்க தோட்டத்துப் பூவே இந்நேரம் இருந்தா தலைக்கு வெச்சிருக்கலாம்" என்றாள். சிரித்துவைத்தேன்.

தாம்பூலம் மாற்றி முடிந்தது. பெண்ணுக்கு நான்தான் பொட்டு வைத்துப் புடவையைக் கொடுத்தேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தட்டுகளைப் பிரித்துப் பார்க்கும்போது பெண்ணின் பெரியப்பா மகன் ஒரு டீப் பொட்டலத்தை எடுத்தான். அவனும் ஐதராபாதில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். உறையில் இருந்த பெயரைப் படித்தான். "ஏமிதி அக்கா, யோபானா?" என்று கேட்டுவிட்டுப் போனில் தேடினான். நான் காபித் தம்ளரை வைத்துவிட்டு அது சாதாரண மூலிகை டீ என்றேன். அவன் அதற்குள் படிக்க ஆரம்பித்திருந்தான். அந்தச் செடியின் அறிவியல் பெயருக்கு வாந்தி என்று அர்த்தம் என்று தெலுங்கில் உரக்கச் சொன்னான். கூடமே சிரித்தது. நைனாவும் சிரித்தார். யாரோ ஒரு காலத்தில் தப்பாக நினைத்துக்கொண்டு வைத்த பெயர், குடித்தால் அப்படி ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் போனைப் பார்த்து, "அக்கா, மீரே!" என்றான், இது நீங்கள்தான் என்று.

கெட்ட எண்ணம் அவனுக்கு இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கக் கம்பெனியின் வீடியோவில் அக்கா இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில், எல்லோரும் பார்க்கட்டும் என்று சுவரில் இருந்த பெரிய டிவிக்கு அதை அனுப்பிவிட்டான்.

டிவியில் நான் வந்தேன். தொப்பி, கையுறை, இடுப்பில் கோணி. முகம் நன்றாகவே தெரிந்தது. பின்னால் மெல்லிய சங்கீதம். நான் இலையை உருவி உருவிப் போடுகிறேன். பேசுகிறேன். பெண்ணின் தங்கை, பெரியவர்களுக்குப் புரியட்டும் என்று, வரிக்கு வரி தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த அக்காவுடைய அம்மா கூலிக்குப் பூ பறித்தார்களாம், அடுத்தவர்கள் தோட்டத்தில், என்று சொன்ன இடத்தில் அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

அம்மாவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்ற நீ அதுல?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனாவின் நெற்றியில் அவர்கள் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்ததும் அது தானாக மறுபடி தொடங்கிற்று. பையன் அவசரமாக நிறுத்தினான்.

பெண்ணின் அப்பா நைனாவிடம், சம்பந்தி முறை வைத்து, யார் தோட்டம் பாவகாரு அது என்று கேட்டார். நைனா கை கழுவ வேண்டும் என்று எழுந்து பின்பக்கம் போனார். நாங்கள் கிளம்பும்போது அந்த மனிதர் வாசல்வரை வந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "மேமு மாட்லாடி செப்தாம்" என்றார். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அர்த்தம். தாம்பூலம் மாற்றின பிறகு இன்னும் என்ன பேச இருக்கிறது?

காரில் கிளம்பினோம். வடமாலப்பேட்டை தாண்டியதும் தம்பி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டான். "இலை பறிக்கற, சரி. அத கேமராவ வெச்சி யாரு அக்கா சொல்லச் சொன்னது?"

அவன் கேட்டது நியாயம். டெக்ஸாஸில் கூலி வேலை செய்கிறேன் என்பது வெட்கம்தான். அந்த வெட்கத்தோடு நான் பழகியிருந்தேன். தினமும் அதை உடுத்திக்கொண்டு போய்த் தினமும் கழற்றி வைக்கக் கற்றிருந்தேன். இது வேறு. அம்மா குனிந்து குனிந்து பறித்த பூவை, அவள் யாருக்கும் சொல்லாமல் மூடி வைத்திருந்ததை, நான் எடுத்துக்கொண்டுபோய் ஒரு டீப் பொட்டலம் விற்கக் கொடுத்திருக்கிறேன். மெதுவாகச் சொல் என்றதும் மெதுவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரேணிகுண்டாவிலிருந்து ஊர் வரும்வரை என் காதில் அந்த மெதுவான ஆங்கிலம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நைனா டீக்கடைக்குப் போகவில்லை. மாந்தோப்பிலேயே கிடந்தார். சாப்பாட்டை அம்மா தூக்கில் போட்டுக் கொண்டுபோவாள். நான் கொண்டுபோகிறேன் என்றால், வேணாம் இரு என்பாள். என்னிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார். சின்ன வயதில் பெரிய தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் அவர் அப்படித்தான் ஒதுங்குவார். என் எதிரிலும் அப்படி ஒதுங்கியதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது சமையலறையில் அந்த வறுத்த இலையின் வாசம் வந்தது. வரிசைக்கு வைத்ததுபோக ஒரு பொட்டலம் வீட்டில் மிச்சமிருந்தது. அம்மா அதைப் பிரித்து, டீ போடுகிற பாத்திரத்தில் ஒரு கைப்பிடி போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டிருந்தாள். இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தாள். அவ்வளவு நேரம் கொதித்தால் சாதாரண டீ கசந்து தொண்டையைப் பிடிக்கும். இது கசக்காது என்று நான் சொன்னேன்.

"கசக்கலதான். பார்த்தேன்" என்றாள். பால் ஊற்றி, வெல்லம் போட்டு, வடிகட்டி எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று தன்னுடையதைக் குடித்தாள்.

"அத பேசறதுக்குக் காசு குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"சும்மாவே சொன்னியா?"

அந்தக் கேள்விக்குக் காசு வாங்கினேன் என்று பதில் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ என்று இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது. மன்னிச்சிடும்மா என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டவில்லை.

"பூ பறிச்சதுக்கு எனக்கு இன்னா வெக்கம்? ஊரே பாத்துச்சி. துன்றதுக்குப் பறிச்சேன். நீ பறிக்கறதுதான் எனக்கு நெஞ்ச அடைக்குது. அதுக்கா உன்ன அவ்ளோ தூரம் அனுப்சோம்?"

வேலை கடினமில்லை என்றேன். நின்றுகொண்டே செய்வதுதான், குனிய வேண்டாம், வெயில் ஏறினால் கொட்டகைக்குள் போய்விடலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கை கொண்டா என்றாள். காட்டினேன். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கத்தரி அழுத்தின காய்ப்பை ஒரு முறை தடவிவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனாள். பாத்திரத்தில் மீதி இருந்ததைத் தூக்கில் ஊற்றித் தோப்புக்கு எடுத்துப்போனாள். அது என்ன டீ என்று நைனாவிடம் சொன்னாளா, தெரியாது. தூக்கு காலியாகத் திரும்பி வந்தது.

பெண்ணின் அப்பா அந்த வாரக் கடைசியில் போன் செய்தார். நைனா முற்றத்தில் நின்று பேசினார். பேசினார் என்பதைவிட, சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணம் வெச்சிக்கலாம்னாரு. அந்தப் பொண்ணு பிடிவாதமா கீதாம். அந்தப் படத்த மட்டும் எடுத்துறச் சொல்றாரு. அவுங்க ஆளுங்க பாத்துக்கினே கீறாங்களாம்."

"எடுக்கச் சொல்றேன் நைனா."

"உன்னால ஆவுமா?"

"ஆவும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவர்போல அங்கேயே நின்றார். "பரம்பரையா தோட்டம்னு நான்தான் வாய வுட்டேன்" என்றார். "உம்மேல தப்பில்ல." சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

முதலாளியம்மாவுக்கு என்ன எழுதுவது? என் அம்மா பூ பறித்தது என் தம்பி கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எழுத முடியுமா? எழுதினால் அவளுக்குப் புரியுமா? அந்த வரியைக் கேட்டுத்தானே அவள் கண் கலங்கினாள். சொந்தக் காரணம், தயவுசெய்து வீடியோவை நீக்கிவிடுங்கள் என்று இரண்டு வரி எழுதினேன். அங்கே பொழுது விடிந்ததும் நீக்கிவிட்டாள். கேட்டிருக்கவே கூடாது, என்னை மன்னித்துக்கொள் என்று பதில் எழுதியிருந்தாள். என்ன காரணம் என்று கேட்கவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கல்யாணம் திருப்பதியிலேயே நடந்தது. லீவை நீட்டிக்கொண்டு அதுவரை இருந்தேன். பெண் நல்ல பெண். மேடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வதின என்று நாத்தனார் முறை சொல்லி அழைத்து, அந்த வீடியோ எனக்குப் பிடித்திருந்தது என்று காதோடு சொன்னாள். அவள் அப்பா தம் உறவினர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து அறிமுகம் செய்தார். என் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கினார். நைனா முந்திக்கொண்டார். "எம் பொண்ணு. அமெரிக்கால டீ கம்பெனில கீது" என்றார். டீ கம்பெனியில் மேனேஜரா என்று அவர்கள் கேட்டார்கள். நைனா என்னைப் பார்த்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். நான் ஆமாம் என்றேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் மறுபடியும் வேலையில் சேர்ந்தேன். வேறு வேலை இருந்தால் போயிருப்பேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அது முழு உண்மை இல்லை. மணலில் ஊன்றிய குச்சிகளில் ஒரு வரிசை முழுக்க வேர் விட்டிருந்தது. முதலாளியம்மா அவற்றை நிலத்தில் மாற்றி நடுகிற பொறுப்பை என்னிடம் விட்டாள். குழிக்குள் குச்சியை நிறுத்தி மண்ணை அணைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பேசும்போது அம்மா மட்டும், செடி பொழச்சிக்கிச்சா என்று எப்போதாவது கேட்பாள். நைனா கேட்கமாட்டார். அவர் ஊரில் இன்னமும் மேனேஜர் என்றுதான் சொல்லிவருகிறார் என்று தம்பி சொன்னான்.

அடுத்த பருவத்தில் முதலாளியம்மா வேறொரு வீடியோ எடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. என்னோடு இலை பறிக்கிற மெக்ஸிகோக்காரி ஒருத்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு செடிக்கு முன்னால் நின்றாள். வெளிச்சம் பார்த்தார்கள். உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று முதலாளியம்மா அன்பாகக் கேட்பது எனக்குக் கேட்டது. அவள் பக்கத்தில் போய், யோசித்துச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் இருந்த கோணி நிறைந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய், உலர்கிற இலையைத் தட்டுத் தட்டாகப் புரட்டிவிட ஆரம்பித்தேன்.